ஸ்வியேதாவைக் கறந்தது யார்?

மாண்டினீக்ரோ மலையில் எங்கள் யாசென் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்து, "உங்கள் கொள்ளுத்தாத்தாவின் குதிரைக்கு என்ன பெயர்?" என்று கேட்டாலும் உடனே பதில் வரும். அவர் துப்பாக்கிக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அதையும் சொல்வார்கள். அவர் மனைவியின் பெயரைக் கேட்டால் மட்டும், "அவங்களா? அவரோட சம்சாரம்தான்" என்பார்கள். மறுபடி கேட்டால் முகம் மாறும். சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி, "இவரு பேரைக் கேளேன், சொல்றேன்" என்பார்கள்.

இதை முதலில் கவனித்தவர் ஸ்தானா. அவர் பேராசிரியர் இல்லை, மாட்டாஸ்பத்திரியில் எழுத்தர். தடுப்பூசிக் காலத்தில் டாக்டரோடு ஜீப்பில் மலை மலையாக ஏறி, எந்த வீட்டில் எந்த மாடு என்று எழுதுவது அவர் வேலை. "பசு பேரு?" என்றால் பட்டென்று வரும். "கறக்கிறது யாரு?" என்றால், "வீட்டுல." "வீட்டுல யாரு?" "வீட்டுலன்னா வீட்டுலதான். ஊசியைப் போடச் சொல்லும்மா."

ஒரு கிழவர் மட்டும், பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர், பேச்சுவாக்கில் சொன்னாராம்: "இவ அம்மா பெருஷான்னு ஒருத்தி இருந்தா. எங்கம்மா கையைத் தவிர வேற கையை அண்டவிட மாட்டா. நாங்க போய் நின்னா உதைப்பா. 'யோவானா, ஓடியா, உன் மாடு வீட்டை இடிக்குது'ன்னு எங்கப்பா கத்துவாரு." சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றாராம். அம்மாவின் பெயர் தன் வாயில் இருந்ததே அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஸ்தானாவின் வழி அதுதான். ஓய்வுபெற்ற பிறகும் அதேதான். முதலில் பசுவின் பெயர், பிறகு அதன் குணம், எத்தனை உதை உதைத்தது, யாரை உதைத்தது. கடைசியில், யாருக்கு மட்டும் நின்று கொடுத்தது. இப்படி மாடு மாடாக இறங்கி, எங்கள் மலையில் பிறந்து உழைத்துச் செத்த நானூற்றுச் சொச்சம் பெண்களை அவர் மீட்டெடுத்தார். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பெற்றார்கள், எத்தனையைப் புதைத்தார்கள், யார் அடித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவர் எழுதிக்கொண்டுவந்த புத்தகத்தில் இருந்தது.

நான் கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது அவருக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. கப்பலில் மாண்டினீக்ரோ என்று சொன்னால் அது எந்தக் கடலில் இருக்கிறது என்று கேட்பார்கள். பல வருடம் அப்படியே சுற்றியதில் எனக்கு ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்க முடியாத வியாதி வந்திருந்தது. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் நட்பு அவ்வளவுதான்.

"உங்க பேருக்கே நிறுத்துன்னுதானே அத்தை அர்த்தம்?" என்று ஒருமுறை கேட்டேன். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கம் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள்.

"பேரு வெச்சதும் அம்மா நிறுத்திட்டா," என்றார் ஸ்தானா. "அஞ்சாவது பொறக்கல. அதுக்குள்ள அம்மாவைப் புதைச்சுட்டாங்க. நீ ரோட்டைப் பாரு."

புத்தகம் வெளியானது எங்கள் ஊர்க் கலாசார மன்றத்தில். மன்றம்தான் அச்சடித்தது. பிரதிகளைக் கட்டிக் கட்டி மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அடுக்கியிருந்தார்கள். மாவட்டத்தின் பள்ளி நூலகங்களுக்கெல்லாம் போவதாகப் பேச்சு. ஸ்தானா புதிதாகத் தைத்த நீல உடுப்பில், காலணி கடித்ததால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர்கள் பேசினார்கள். கைதட்டினார்கள். அப்புறம் கவ்ரிலோ எழுந்தார்.

கவ்ரிலோ மன்றத்துக்கும் எங்கள் வம்சச் சங்கத்துக்கும் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பனியில் யார் கார் சிக்கினாலும் அவர் டிராக்டர் வரும். அவர் தாத்தா மாஷானின் வெண்கலச் சிலை நீரூற்றுக்கு அருகில் நிற்கிறது, மீசையும் கத்தியுமாக.

"ஸ்தானா, நல்ல புத்தகம்," என்றார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எங்க வீட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கே. எங்க தாத்தாவுக்கு முதல் சம்சாரம் ஒருத்தி இருந்தாளாம், ஸ்வியேதான்னு. முதல் உலகப் போர்ல ஆஸ்திரியாக்காரன் நம்ம மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போன வருஷம் வீட்டுல மிச்சம் ஒத்தை எருதாம். அதுக்கு ஜோடியா எங்க தாத்தா அவளை நுகத்துல பூட்டி உழுதாராம். உழவுசால்லயே விழுந்து செத்தாளாம்."

ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்கள்.

"தாயி," என்றார் கவ்ரிலோ, மிக மெதுவாக. "ஸ்வியேதா எங்க பசு."

ஸ்வியேதா என்றால் பூ. பெண்ணுக்கும் வைப்பார்கள், பசுவுக்கும் வைப்பார்கள். ஒரு நொடி எல்லோரும் அதை யோசித்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவ்வளவுதான், மன்றமே வெடித்தது.

"ஊர் ஊரா மாடு மாடுன்னு கேட்டுட்டு அலைஞ்சே," என்றார் கவ்ரிலோ, இப்போது உரக்க. "கடைசியில எங்க பசுவுக்கு முக்காடு போட்டு மருமகளாக்கி வெச்சுட்டே! எங்க தாத்தா கட்டினது பசுவையா, ஸ்தானா? அப்ப நான் யாரு, கன்னுக்குட்டியா?"

"அது எங்கிட்ட உங்கம்மா சொன்னது," என்றார் ஸ்தானா.

கவ்ரிலோவின் தாய் பெத்ரூஷா முதல் வரிசையில் கறுப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். மகன் குனிந்து, "நீயே சொல்லும்மா. பசுவா, பொம்பளையா?" என்று கேட்டார்.

பெத்ரூஷா தன் கைகளைப் பார்த்தார். "பசு," என்றார்.

"செவலையா, கறுப்பா?" என்று யாரோ கத்தினார்கள்.

"செவலை."

சிரிப்பு அடங்கும் வரை ஸ்தானா நின்றுகொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சரி கவ்ரிலோ, பசுவாவே இருக்கட்டும். அதைக் கறந்தது யாரு?"

"எவளோ ஒருத்தி," என்றார் கவ்ரிலோ.

அன்றைக்கு எழுந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். பெண்களும் சிரித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஸ்தானாவால் கடைக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டில் பேரன் பேத்தி எடுத்த ஆண்கள் "ம்ம்மா" என்றார்கள். அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் யாரோ மாட்டு மணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அந்த மணியை அவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆட்டுக்குக் கட்டுற மணி," என்றார் ஸ்தானா. "இதுகூடத் தெரியாத கழுதைங்க." அதற்குப் பிறகு நாலு நாள் வெளியே வரவில்லை.

மன்றத்திலிருந்து ஆள் வந்தது. கவ்ரிலோவின் நிபந்தனை சுலபமானது. ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும்: "ஸ்வியேதா என்று குறிப்பிடப்படுவது பசு. தவறுக்கு வருந்துகிறேன்." கீழே ஸ்தானாவின் கையெழுத்து. அதைச் செய்தால் நானூறு பெண்களும் மாவட்டம் முழுக்கப் போவார்கள். செய்யாவிட்டால் பின்னறைப் பூட்டு திறக்காது.

"நீங்க என்ன அத்தை நினைக்கிறீங்க?" என்றேன்.

"பெத்ரூஷாவைப் பார்க்கணும்," என்றார்.

கவ்ரிலோ நிக்ஷிச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துப் போனோம். பெத்ரூஷா பின்கட்டில் படுத்திருந்தார். மன்றத்துக்கு வந்துபோன குளிரில் நெஞ்சு கட்டிக்கொண்டதாம். கவ்ரிலோவின் மனைவி ரத்மிலா எங்களை உள்ளே விட்டுவிட்டு, காப்பி போடப் போனார்.

"என்னடி, திட்ட வந்தியா?" என்றார் பெத்ரூஷா.

"நீங்கதானேக்கா எங்கிட்டச் சொன்னீங்க?"

"உங்கிட்டச் சொன்னேன். ஊர்கிட்டயா சொன்னேன்?"

"எழுதப் போறேன்னு சொன்னேனே."

"எழுதுவேன்னு சொன்னே. எழுதறவங்க எல்லாம் மன்றத்துல மைக் வெச்சா படிக்கிறாங்க?" இருமினார். இருமல் நின்றதும் குரல் தணிந்தது. "பசு பேரு ரூமென்கா. அதைத்தான் ஆஸ்திரியாக்காரன் முதல்ல ஓட்டிட்டுப் போனான். இவ ஸ்வியேதா. எருது வலப்பக்கம் பழகினது, அதனால இவளை இடப்பக்கம் பூட்டினாரு என் மாமனாரு. மூணு நாள் உழுதாளாம். குளிப்பாட்டினது என் மாமியாரு. அப்ப அவ பக்கத்து வீட்டுப் பொண்ணு. இடது தோள்ல தோலே இல்ல, எலும்பு தெரிஞ்சுதுன்னு சொன்னா. அந்த வருஷக் கடைசியில அவளையே இவருக்குக் கட்டி வெச்சாங்க. ஆயுசு முழுக்க அவ அந்த வயலுக்கு மட்டும் கால் எடுத்து வைக்கல."

"அப்புறம் ஏன்க்கா பசுன்னீங்க?"

"நான் திங்கற ரொட்டி அவன் ரொட்டி. செத்தா தூக்கிட்டுப் போறதும் அவன்தான். உன் புத்தகமா வந்து தூக்கும்?"

ஸ்தானா போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு," என்றார் பெத்ரூஷா. "நானூறு பேரு வெளிய வராளுங்க, ஒருத்தி போனாப் போறா. காலங்காலமா நாம இப்படித்தானே பார்த்துக்கிட்டோம்? அவளுக்கு இனிமே எதுவும் வலிக்காது." பிறகு ஸ்தானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் செய். நான் போனா ஒப்பாரிக்கு நீ வா. இந்த வீட்டுல வெக்கிறதுக்கு ஆள் கிடையாது. மருமகள்னு ஒருத்தி இருக்கா, அதுக்குக் குரலும் இல்ல, வார்த்தையும் இல்ல. கட்டிப்போட்ட இடத்துல நிக்கும்."

ரத்மிலா காப்பித் தட்டோடு வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். தட்டைக் கட்டிலோரம் வைத்தார். மாமியாருக்கு மட்டும் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் ஊர் தெரிந்ததும் ஸ்தானா சொன்னார்: "அவ சொல்றது சரிதான். திங்கட்கிழமை போய்ப் போட்டுடறேன். அன்னைக்கு என்னை மன்றத்துல இறக்கிவிடு."

பெத்ரூஷா சனிக்கிழமை இரவு இறந்தார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம்.

கூட்டம் அதிகம். கவ்ரிலோவுக்குக் கடன்படாத வீடு எங்கள் மலையில் இல்லை. முற்றத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்து ஒரு பக்கம், பெண்கள் பெட்டியைச் சுற்றி. யார் யாரோ இரண்டு இரண்டு அடி பாடி ஒதுங்கினார்கள். பிறகு ஸ்தானா பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து, விளிம்பில் கை வைத்தார். கவ்ரிலோ அவரைப் பார்த்ததும் தலையசைத்தார். அம்மா கேட்டுக்கொண்டது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்தானாவின் குரல் நல்ல குரல் இல்லை. கதவு கிரீச்சிடும் சத்தம் போல இருக்கும். ஆனால் ஒப்பாரிக்கு அதுதான் வேண்டும்.

பெத்ரூஷாவின் வாழ்க்கையை அடி அடியாக எடுத்தார். வந்த வீடு, சுமந்த விறகு, மண்ணுக்குக் கொடுத்த இரண்டு பிள்ளைகள். பெண்கள் விம்மினார்கள். கவ்ரிலோ தோள் குலுங்க அழுதார், மனதார அழுதார். பிறகு முன்னே போனவர்களுக்குச் சேதி சொல்லி அனுப்பும் அடிகள் வந்தன. எல்லா ஒப்பாரியிலும் வருவதுதான். 'லேலே' என்பது எங்கள் 'ஐயோ'.

லேலே, பெத்ரூஷா, என் அக்கா,
அங்கே உன் மாமியார் வாசலில் நிற்பாள்,
ரொட்டியை அவளிடம் கொடு.
உன் பிள்ளைகள் ஓடி வருவார்கள்,
பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிடாதே.
எல்லோருக்கும் பின்னால் ஒருத்தி, லேலே,
இடது தோளைத் துணியால் மூடி நிற்பாள்.
ஸ்வியேதா என்று கூப்பிடு, திரும்புவாள்.
நுகத்தைக் கழற்று, என் அக்கா,
எருதை அவள் பக்கத்திலிருந்து ஓட்டு.
இங்கே உன் வாயில் அடைத்து வைத்ததை
அங்கே அவள் காதில் சொல்.

கவ்ரிலோவின் அழுகை பாதியில் நின்றது. ஒப்பாரியை இடைமறிக்க எங்கள் மலையில் யாருக்கும் உரிமை கிடையாது. அரசன் வந்தாலும் நின்று கேட்க வேண்டும். அவர் நின்று கேட்டார். தொப்பியைக் கைக்குள் முறுக்கிக்கொண்டே இருந்தார். பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார். ஸ்தானா முடித்து, குனிந்து பெத்ரூஷாவின் நெற்றியில் முத்தமிட்டு, ஒதுங்கினார்.

"கையெழுத்துப் போடற திங்கட்கிழமை நாளைக்குத்தானே அத்தை?" என்றேன், காதருகில்.

"திங்கட்கிழமை போயிடுச்சு," என்றார்.

புதைத்துவிட்டு வந்து சாப்பாட்டுக்குக் கூடினோம். நீள மேசை. ஆண்கள் உட்கார, பெண்கள் பரிமாறினார்கள். ஸ்தானாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயதாகிவிட்டது, ஒப்பாரி வைத்தவர் வேறு. பரிமாறச் சொல்லவும் முடியாமல் அவரை மேசைக் கோடியில் உட்கார வைத்திருந்தார்கள். இடம் போதாமல் நான் தட்டோடு அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். வேகவைத்த ஆட்டுக்கறி வந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் மென்றார்கள்.

கவ்ரிலோ ரொட்டியைப் பிய்த்தார். "ஸ்தானா, எங்கம்மாவுக்கு நல்லா வெச்சே," என்றார். ஒரு வாய் மென்று விழுங்கினார். "எங்க பசுவுக்கு அதைவிட நல்லா வெச்சே."

அந்த மேசை அப்போது அடைந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. சாவு வீடென்றும் பாராமல் சிரித்தார்கள். கரண்டிகள் ஒலித்தன. ஒருவர் தன் பக்கத்தில் இருந்தவரின் முதுகில் தட்டி, "பாலாடைக் கட்டியை இங்க தள்ளு, ஸ்வியேதா கோவிச்சுக்கப் போறா," என்றார்.

ஸ்தானா தன் சாராயக் கோப்பையை எடுத்தார். சாவுச் சாப்பாட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லி, 'கடவுள் ஆத்மாவை மன்னிக்கட்டும்' என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் 'மன்னிக்கட்டும்' என்று திருப்பிச் சொல்லிக் குடிக்க வேண்டும். பெத்ரூஷாவுக்கு ஏற்கெனவே மூன்று முறை ஆகியிருந்தது.

"ஸ்வியேதா," என்றார் ஸ்தானா. "கடவுள் அவ ஆத்மாவை மன்னிக்கட்டும்."

பழக்கம் பொல்லாதது. கவ்ரிலோவின் கை கோப்பையைத் தூக்கிவிட்டது. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது.

"பசுவுக்கு ஏது ஆத்மா?" என்றார். "பாதிரியார் இருக்காரு, அவரைக் கேளு."

பாதிரியார் கறியில் எலும்பு தேடிக்கொண்டிருந்தார்.

"பசுதானே, குடியேன்," என்றார் ஸ்தானா. "ஒரு வேடிக்கைக்குக் குடி. நீதான் வேடிக்கை பண்ற ஆளாச்சே. உன் கை ஏன் நிக்குது, கவ்ரிலோ?"

கவ்ரிலோ கோப்பையை மேசையில் கவிழ்த்து வைத்தார். சாராயம் துணியில் பரவியது. அவர் தன் தாத்தாவுக்காக வெட்கப்பட்டாரா, அவளுக்காகவா, எனக்குத் தெரியாது. ஆனால் வெட்கப்பட்ட முகமாக அது இல்லை. மன்றத்தில் 'எவளோ ஒருத்தி' என்று சொன்னபோது இருந்த அதே முகம்.

அப்போது ரத்மிலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், இடக்கையில் கறித்தட்டை இடுப்போடு அணைத்தபடி. அவருடைய வலக்கை மேலே போனது. நெற்றியைத் தொட்டது. மார்பைத் தொட்டது. வலது தோளைத் தொட்டது. எங்கள் பக்கம் சிலுவை போடும்போது இடது தோள்தான் கடைசி.

"ரத்மிலா," என்றார் கவ்ரிலோ, திரும்பாமலே. முதுகுக்குப் பின்னால் நடந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "கையை இறக்கு. கறி ஆறுது."

கை இறங்கியது. தட்டு மேசைக்கு வந்தது.

"அந்தப் புத்தகத்தை மறந்துடு, ஸ்தானா," என்றார் கவ்ரிலோ. "சாப்பிடு."

ஸ்தானா சாப்பிட்டார். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். அந்தக் குளிர்காலத்தில் மன்றத்து அடுப்பில் விறகைப் பற்றவைக்க நானூறு பெண்கள் பயன்பட்டார்கள். சீட்டாடப் போகிறவர்கள் கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார்களாம், நன்றாகப் பிடித்ததாம். வெளியீட்டன்று வாங்கிப்போன சில பிரதிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம், கேட்டால் இல்லை என்கிறார்கள். ஸ்தானா இப்போதும் முக்காட்டைக் கட்டிக்கொண்டு என் காரில் ஏறுகிறார். பாதி வீடுகளில் கதவு திறப்பதில்லை. திறக்கும் வீடுகளில் பசுவின் பெயரைக் கேட்டாலே சிரிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அன்று நடந்த இன்னொன்று. சாப்பாடு முடிந்து கைகழுவச் சமையலறைக்குப் போனேன். ரத்மிலா எனக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். மேசையிலிருந்து வந்த எலும்புத் தட்டுகள் பக்கத்தில் குவிந்திருந்தன. நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. ஈரக் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு, இடது தோளைத் தொட்டார். தொட்ட இடத்திலேயே கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.